கரையான் அரித்த ஏடும் கம்ப்யூட்டர் பேரேடும்

சிதம்பரத்தில் மாணவர்கள் படிக்கும் அதிசயப் பாடம்!

சிதம்பரம் நடராசர் கோவில். அங்கே ஓர் அறை. கதவு பூட்டிக் கிடந்தது.

உள்ளே இருந்தது பொன் அல்ல, மணி அல்ல. ஓலைச் சுவடிகள்! திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தேவாரப் பாடல்கள் அந்த ஓலைகளில் இருந்தன.

சோழ மன்னன் ராசராசன் அவற்றைத் தேடி வந்தான். அவனுக்கு இடத்தைக் காட்டியவர் நம்பியாண்டார் நம்பி. இவர் திருநாரையூர்க்காரர். அந்த ஊர் இன்றைய கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கிறது.

பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்று கோவிலார் சொல்லி விட்டார்கள். மன்னன் சளைக்கவில்லை. மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாக எழுந்தருளச் செய்தான். கதவு திறந்தது.

உள்ளே கரையான் புற்று!

புற்றின் மேல் எண்ணெய் ஊற்றினார்கள். மண் கரைந்தது. ஏடுகளை எடுத்துப் பார்த்தார்கள். பெரும் பகுதி அழிந்து போயிருந்தது. மிஞ்சியதை நம்பி வகை பிரித்து, வரிசைப்படுத்தித் தொகுத்தார். 'திருமுறை கண்ட புராணம்' சொல்லும் கதை இது.

இன்று கிடைக்கும் தேவாரப் பாடல்கள் 8 ஆயிரத்துக்குச் சற்று மேல். அழிந்தவை எத்தனையோ!

கதையில் ஒரு பிற்சேர்க்கை உண்டு. சம்பந்தர் திருவிடைவாய் என்ற ஊரைப் பற்றிப் பாடிய பதிகம் ஏடுகளில் காணோம். போய் விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்க் கோவில் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. பதிகம் கல்லில் இருந்தது! ஓலைப் பிரதி செத்தது. கல் பிரதி பிழைத்தது.

ஒரு பொருளை எப்படிச் சேமிப்பது? சேமித்ததை எப்படித் தேடி எடுப்பது? அழிந்தால் எப்படி மீட்பது? நம்பிக்கு வந்த அதே மூன்று கேள்விகளைத்தான் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் இன்று வேறு விதமாகப் படிக்கிறார்கள்.

ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம்

ஊருக்கு நடுவே கோவில். ரெயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் ஆனது. 2013-இல் தமிழக அரசு இதைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது.

காலை ரெயிலிலும் பஸ்சிலும் கடலூர் பக்கத்துப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சுமார் 45 கிலோ மீட்டர். வீட்டில் முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இவர்களில் ஏராளம்.

கம்ப்யூட்டர் படிப்பில் இளங்கலை மாணவர்கள் 'டேட்டாபேஸ்' பாடத்தின் அரிச்சுவடியைப் படிப்பார்கள். முதுகலைக்கு வந்தால் 'அட்வான்ஸ்டு டேட்டாபேஸ்' என்று மேல்பாடம். தமிழில் இதைத் தரவுத்தளம் என்கிறார்கள். தரவு என்றால் தகவல் துணுக்கு. அவை ஒழுங்காகக் குடியிருக்கும் இடம் தரவுத்தளம்.

(தமிழ் இலக்கணம் படிக்கிற மாணவரிடம் 'தரவு' என்றால் அவர் கலிப்பாவின் முதல் உறுப்பைச் சொல்லுவார். ஒரே வளாகத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்!)

'நமக்கும் இந்தப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கட்டும். ரேஷன் கார்டு ஒரு தரவுத்தளத்தில் ஒரு வரி. ஆதார் ஒரு வரி. வங்கிக் கணக்கு, ரெயில் டிக்கெட், நிலத்தின் பட்டா, பிள்ளையின் பரீட்சை மார்க்கு, எல்லாமே வரிகள். அந்த வரி சரியாக இருந்தால் அரிசி வரும். பிசகினால் வராது.

இரண்டு கோடிக் கார்டில் ஒரு கார்டு

தமிழ்நாட்டில் ரேஷன் கார்டுகள் 2 கோடிக்கு மேல் உள்ளன. 2017 ஏப்ரலில் பழைய புத்தகக் கார்டு போய் 'ஸ்மார்ட்' கார்டு வந்தது. கடைக்காரர் கார்டை எந்திரத்தில் காட்டுகிறார். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், இந்த மாதம் சர்க்கரை வாங்கியாயிற்றா இல்லையா என்பதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து விடுகிறது.

2 கோடிக் கார்டுகளையும் ஒரு மலை போலக் குவித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதாக வைத்துக் கொள்வோம். ஒரு கார்டுக்கு ஒரு வினாடி. சோறு தண்ணீர் இல்லாமல் இரவு பகலாகப் பார்த்தாலும் முடிக்க 231 நாள் ஆகும்!

கம்ப்யூட்டர் அப்படித் தேடுவதில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு மரத்தைத் தலைகீழாக நினைத்துக் கொள்ளுங்கள். உச்சியில் ஒரு கிளை. அதிலிருந்து 100 கிளை. ஒவ்வொன்றிலிருந்தும் இன்னொரு 100. உச்சியில் நிற்பவர், 'உன் எண் இந்தக் கிளைப் பக்கம்' என்று கை காட்டுவார். அடுத்த கிளையில் இருப்பவர் இன்னும் நெருக்கமாகக் காட்டுவார். இப்படி 4 முறை கேட்டால் போதும். 100-ஐ 4 தடவை பெருக்கினால் 10 கோடி. அதாவது, 10 கோடிக் கார்டு இருந்தாலும் 4 கேள்வியில் ஆள் அகப்படுவார்!

ஏறக்குறைய 1970-இல் பேயர், மெக்கிரைட் என்ற இரண்டு நிபுணர்கள் கண்டுபிடித்த முறை இது. 'பி-மரம்' என்று பெயர். தரவுத்தள மாணவர்கள் இந்த மரத்தில் ஏறி இறங்கியே ஆக வேண்டும்.

விமானம் ஓட்டியவர் கண்ட வழி

தகவல்களை எந்த உருவில் வைப்பது என்பதிலேயே ஆதியில் பெரிய குழப்பம் இருந்தது. ஒரு தகவலிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு கட்டியது போல இணைத்து வைத்திருந்தார்கள். எந்தக் கயிறு எங்கே போகிறது என்று தெரிந்தவர்தான் தேட முடியும். அவர் லீவு போட்டால் வேலை நின்றது!

எட்கர் காட் என்பவர் இதற்கு முடிவு கட்டினார். இவர் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானம் ஓட்டினார். பிறகு அமெரிக்கா சென்று ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தார். 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாத் தகவலையும் கட்டம் போட்ட அட்டவணைகளாக வைத்தால் போதும் என்றார். என்ன வேண்டும் என்று கேளுங்கள். எப்படித் தேடுவது என்பது கம்ப்யூட்டரின் கவலை என்றார்.

மளிகைக் கடைக் கணக்கு நோட்டு போன்ற அட்டவணைதான். ஆனால் அதற்குள் கணித சாத்திரம் இருந்தது. 1981-இல் காட்டுக்கு டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் உலகத்தின் நோபல் பரிசு என்று அதைச் சொல்லுவார்கள்.

அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்க ஒரு மொழி வேண்டுமே! அதே கம்பெனியில் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் 1974-இல் அதை வெளியிட்டார்கள். அதுதான் இன்று 'எஸ்.க்யூ.எல்.' என்று உலகம் முழுவதும் ஓடுகிறது. பாய்ஸ் அதன் வெற்றியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதே ஆண்டில், முப்பது வயது ஆகும் முன்பே, திடீரென்று இறந்து போனார்.

கப்பல் புத்தகம், பசுமாட்டுப் புத்தகம்

இந்தப் பாடத்தைப் படிக்க உலகமெங்கும் புகழ் பெற்ற புத்தகங்கள் இரண்டு. ஒன்றின் அட்டையில் பாய்மரக் கப்பல் படம். எழுதியவர்கள் மூவர்: சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன். மற்றதன் அட்டையில் பசு மாடு. எழுதியவர்கள் ரகு ராமகிருஷ்ணன், கெர்கே. மாணவர்கள் ஆசிரியர் பெயரைச் சொல்வதில்லை. 'கப்பல் புத்தகம்', 'மாட்டுப் புத்தகம்' என்பதே வழக்கம்!

சுதர்சனும் ரகு ராமகிருஷ்ணனும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். அமெரிக்க மாணவனும் சிதம்பரம் மாணவனும் இந்த விஷயத்தில் ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்கிறார்கள்.

ஆனால் புத்தகம் ஆங்கிலம்; பரீட்சையும் ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து விட்டு வருகிற பிள்ளை முதல் பக்கத்திலேயே திணறுகிறது. திணறுவது மூளை இல்லாததால் அல்ல, சொல் புரியாததால்தான். விஷயத்தைச் சிட்டை, பேரேடு என்று சொல்லிக் கொடுத்தால் அதே பிள்ளை ஐந்து நிமிஷத்தில் பிடித்துக் கொள்ளும்.

மின்சாரம் போனால்?

2011 டிசம்பர் 30. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின் கம்பங்கள் முறிந்தன. கடலூர் மாவட்டத்தில் பல கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன.

அப்படி ஒரு விநாடியில் கம்ப்யூட்டர் அணைகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் கணக்கிலிருந்து 500 ரூபாயைக் கழித்தாயிற்று. அடுத்தவர் கணக்கில் இன்னும் ஏற்றவில்லை. அதற்குள் இருட்டு! அந்த 500 ரூபாய் யாருடையது?

தரவுத்தளப் பாடத்தின் உயிர் நாடி இந்தக் கேள்விதான். இதற்கு உலகம் ஒப்புக் கொண்ட பதிலைத் தந்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர்!

அவர் பெயர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தார். எடுத்த பாடம் ரசாயன என்ஜினீயரிங். ஆனால் அங்கே ஐ.பி.எம். 370 என்ற பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் இருந்தது. ரசாயனத்தை விட்டு மனம் அதன் பக்கம் போயிற்று. 1977-இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் 1981-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். உடனே கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். 2020-இல் ஓய்வு பெறும் வரை அதே கம்பெனியில் இருந்தார்.

மோகனும் அவருடைய தோழர்கள் நால்வரும் 1992-இல் வெளியிட்ட கட்டுரை 'ஏரிஸ்' என்ற முறையை விளக்கியது. இன்று பெரிய பெரிய தரவுத்தளங்கள் பலவும் அந்த வழியையோ, அதைத் தழுவிய வழியையோதான் கடைப்பிடிக்கின்றன.

சிட்டையும் பேரேடும்

அந்த முறை என்ன? நம் ஊர்ச் செட்டியார் கடைகளைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

கடையில் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று சிட்டை. நடக்க நடக்க எழுதுவது. 'முருகனுக்கு 2 மூட்டை நெல் கொடுத்தது' என்று நடந்த வரிசையில் இருக்கும். இன்னொன்று பேரேடு. அதில் ஆள் வாரியாகப் பக்கம். சிட்டையில் எழுதிய பிறகே பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு கிழிந்தாலும் பயமில்லை. சிட்டையை வைத்து மறுபடியும் எழுதி விடலாம்.

கம்ப்யூட்டரும் அப்படியே. பேரேட்டில் கை வைக்கும் முன்பு, செய்யப் போவதைச் சிட்டையில் எழுதி விட வேண்டும். பழைய தொகை எவ்வளவு, புதிய தொகை எவ்வளவு என்று இரண்டும் இருக்க வேண்டும். வேலை முழுதும் முடிந்தால் 'முடிந்தது' என்று ஒரு வரி. அந்த வரி வட்டில் பதிவான பிறகே வாடிக்கைக்காரரிடம், 'ஆயிற்று' என்று சொல்ல வேண்டும்.

மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. கம்ப்யூட்டர் கண் விழிக்கிறது. முதல் வேலை, சிட்டையைப் புரட்டி, யார் வேலை முடிந்தது, யார் வேலை பாதியில் நின்றது என்று பார்ப்பது. இரண்டாவது, சிட்டையில் உள்ளதை எல்லாம் மறுபடி செய்து, விளக்கு அணைந்த நிமிஷத்தில் இருந்த நிலைக்கு வந்து சேருவது. மூன்றாவது, பாதியில் நின்ற வேலைகளைப் பின்னால் இருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுப்பது. 500 ரூபாய் சொந்தக்காரர் கணக்குக்கே வந்து சேரும்.

பாதி வேலையையும் மறுபடி செய்து விட்டு, பிறகு ஏன் அதை அழிக்க வேண்டும்? கேட்பவருக்கு வீண் வேலையாகத் தெரியும். மாணவர்களும் வகுப்பில் இதையேதான் கேட்பார்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே ஒரு முறை நடத்திக் காட்டினால்தான், எங்கே நிற்கிறோம் என்பது சந்தேகம் இல்லாமல் தெரியும். அங்கிருந்து திரும்பிப் போவது சுலபம். 'சரித்திரத்தைத் திரும்ப நடத்து' என்ற இந்த யோசனைதான் ஏரிஸ் முறையின் சாமர்த்தியம்.

அழிக்கிற நேரத்தில் மறுபடியும் மின்சாரம் போனால்? புயல் காலத்தில் அப்படியும் நடக்குமே! அதற்கும் வழி வைத்தார்கள். அழிப்பதையும் சிட்டையில் எழுது என்றார்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அழித்ததையே திரும்ப அழிக்க வேண்டியதில்லை.

மோகன் 1997-இல் ஐ.பி.எம். கம்பெனியின் மிக உயர்ந்த 'பெல்லோ' பட்டத்தைப் பெற்றார். 2009-இல் அமெரிக்காவின் தேசிய என்ஜினீயரிங் அகாடமியில் உறுப்பினர் ஆனார்.

மீன்காரம்மாவின் 500 ரூபாய்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் மீன் ஏலம் களை கட்டும். கூடை வைத்து விற்கும் பெண்களிடமும் இன்று கட்டம் போட்ட அட்டை இருக்கிறது. செல்போனைக் காட்டினால் பணம் போய் விடும். 2016-இல் வந்த யு.பி.ஐ. செய்த மாயம் இது.

சில நேரம் மாயம் பாதியில் நிற்கும். வஞ்சிரம் வாங்கியவர், 'என் கணக்கில் 500 ரூபாய் போய் விட்டது' என்பார். மீன்காரம்மா, 'எனக்கு வரலியே சாமி' என்பார். இருவர் சொல்வதும் உண்மை!

இங்கே பேரேடு ஒன்று அல்ல, இரண்டு. வாங்கியவரின் வங்கி ஒன்று, விற்றவரின் வங்கி வேறொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். மேல்பாடத்தில் 'டிஸ்டிரிபியூட்டட் டேட்டாபேஸ்' என்று வருவது இந்தச் சங்கடம்தான்.

நம் கல்யாண முறையே இதற்கு விளக்கம். மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டு, பெண் வீட்டாரிடம் கேட்டு, இருவரும் 'சம்மதம்' என்று தாம்பூலம் மாற்றிக் கொள்கிறார்கள். அது முதல் கட்டம். அதன் பிறகு முகூர்த்தம், தாலி. அது இரண்டாம் கட்டம். ஒரு வீட்டார் தலையை ஆட்டாவிட்டால் முகூர்த்தமே கிடையாது. கம்ப்யூட்டர்களும் இப்படி இரண்டு கட்டமாகப் பேசி முடிப்பதை மாணவர்கள் படிக்கிறார்கள். தாம்பூலம் மாற்றிய பின் தரகர் காணாமல் போனால் இரு வீட்டாரும் விழித்துக் கொண்டு நிற்பார்களே, அந்தச் சிக்கலும் இந்த முறையில் உண்டு.

அதனால் யு.பி.ஐ.யில், சேராத பணத்தைத் திருப்பி விடும் ஏற்பாட்டைத் தனியாக வைத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்குக் கெடு விதித்தது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாளுக்குள். கெடு தாண்டினால் வங்கி நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் நஷ்ட ஈடு தர வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆற்றுக்கு இரு கரை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே வெள்ளாறு ஓடுகிறது. வெள்ளம் வந்து இரு ஊருக்கும் தொடர்பு அறுந்தது என்று கற்பனை செய்து பாருங்கள். ஒரே வங்கிக்குக் கரைக்கு ஒரு கிளை. இரண்டிலும் ஒரே கணக்கின் பிரதி. வைப்பு 1,000 ரூபாய். அண்ணன் கடலூரில் 1,000 ரூபாய் கேட்கிறான். தம்பி சிதம்பரத்தில் 1,000 ரூபாய் கேட்கிறான். கூட்டுக் கணக்கு!

கொடுத்தால் வங்கிக்கு நஷ்டம். 'வெள்ளம் வடியட்டும், வா' என்றால் அவசரத்துக்கு வந்தவனுக்குக் கஷ்டம். மூன்றாவது வழி கிடையாது. புரூவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000-ஆம் ஆண்டில் இதைச் சொன்னார். பின்னால் கணித முறைப்படி நிரூபித்தும் விட்டார்கள்.

அமேசான், கூகுள் போன்ற கம்பெனிகள் உலகம் முழுவதும் பிரதி வைத்திருக்கின்றன. 2006, 2007-இல் அவை வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகு, அட்டவணை முறையை விட்டு விலகிய புதுவகைத் தரவுத்தளங்கள் பெருகின. கடைக்கூடையில் ஒரு சாமான் கூடக் குறைய இருந்தால் பெரிய மோசம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. வங்கிக்கும் ரேஷனுக்கும் அந்தக் கணக்கு ஒத்து வராது. எதற்கு எது என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் படித்தவனுக்கு அழகு.

இனிஷியல் படுத்தும் பாடு

இத்தனை பெரிய விஷயங்கள் இருக்க, நம் மக்களை அதிகம் அலைய வைப்பது ஒரு சின்ன விஷயம். பெயர்!

தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதல் எழுத்து இனிஷியல். வெளிநாட்டு வழக்கத்தைப் பார்த்து அட்டவணை போட்டவர்கள் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்து விட்டார்கள். 'எஸ். முருகன்' எங்கே போவார்? ஓரிடத்தில் 'முருகன் எஸ்'. இன்னோரிடத்தில் தகப்பன் பெயரோடு 'சுப்பிரமணியன் முருகன்'. மூன்றாவது இடத்தில் வெறும் முருகன். ஒரே ஆள், மூன்று ஆள் ஆகிறார். பிறகு 'பெயர் பொருந்தவில்லை' என்று சீட்டு வருகிறது. கூலி வேலையை விட்டு விட்டு அவர் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறார்.

குற்றம் முருகனுடையது அல்ல. கட்டம் போட்டவருடையது.

எழுத்து வரிசையிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. கம்ப்யூட்டருக்கு எழுத்து என்றால் எண். உலகம் முழுவதும் பின்பற்றும் யூனிகோடு முறையில் 'ந' எண்ணுக்கு அடுத்த எண் 'ன'. நம் நெடுங்கணக்கிலோ 'ன' கடைசி எழுத்து! 'ழ'வுக்கு முன்பே 'ள' வந்து நிற்கும். வெறும் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தினால் வாக்காளர் பட்டியல் தமிழ் அகராதி போல இருக்காது. தமிழ் வரிசை இது என்று கம்ப்யூட்டருக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டும். சொல்லித் தரவும் முடியும். அதற்கு விதிமுறை இருக்கிறது. சொல்ல மறப்பதுதான் தொல்லை.

ஊர்ப் பெயருக்கும் இதே கதி. கடலூர் என்றாலே ஆங்கிலத்தில் எழுதுகிறவர் நீலகிரிக் கூடலூரோடு குழப்பிக் கொள்வார். அதனால்தான் ரெயில்வேக்காரர்கள் பெயரை நம்புவதில்லை. கடலூர் துறைமுகம் சந்திப்புக்கு 'சி.யு.பி.ஜே.', திருப்பாதிரிப்புலியூருக்கு 'டி.டி.பி.ஆர்.', சிதம்பரத்துக்கு 'சி.டி.எம்.' ஒரு நிலையத்துக்கு ஒரே குறி. ஒருவர் குறி இன்னொருவருக்கு இல்லை. மாணவர்கள் முதல் வாரத்திலேயே படிக்கிற 'சாவி' என்பது இதுதான்.

குண்டு விழுந்த இடம் எல்லை

கடலூருக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் தூரம் வரை கம்பெனிக்கு என்று பேச்சு. சுட்டார்கள். குண்டு எட்டிய வரை இருந்த கிராமங்கள் எல்லாம் கைமாறின. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயரே வந்தது!

இன்று நிலத்தின் கணக்கு பட்டா, சிட்டா, அளவு வரைபடம் என்று கம்ப்யூட்டரில் ஏறி விட்டது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் பழைய ரிஜிஸ்தரில் தப்பாக இருந்தது கம்ப்யூட்டரில் ஏறியதால் சரியாகி விடாது. தப்பு வேகமாகப் பரவும், அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது கடலூர்க் கரையோரக் குடும்பங்கள் உயிர்களை இழந்தன. வீட்டை இழந்தன. வீட்டோடு ரேஷன் கார்டு, பள்ளிச் சர்டிபிகேட், வங்கிப் பாஸ் புத்தகம் எல்லாம் கடலோடு போயின. தான் யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் மக்கள் நின்றார்கள். பிரதி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, கடலை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கேள்வி அன்று ஒரு பாடப் புத்தகக் கேள்வியாக இல்லை.

இரண்டு ஜன்னல்

கம்ப்யூட்டர் வகுப்பில் இதை எல்லாம் கண்ணால் பார்க்க ஒரு சுலபமான பயிற்சி உண்டு. திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கொள்வார்கள். இரண்டும் ஒரே தரவுத்தளம். முதல் ஜன்னலில் ஒரு கணக்கிலிருந்து 500 ரூபாயைக் கழிக்கச் சொல்வார்கள். கழிந்து விட்டதாக அது காட்டும். உடனே இரண்டாவது ஜன்னலில் பார்த்தால் அங்கே பழைய தொகையே இருக்கும்! புதிதாகப் படிக்கிறவர் கண்ணைக் கசக்கிக் கொள்வார்.

'கமிட்' என்ற ஒரு சொல்லை அடித்தால்தான் அது உலகத்துக்குத் தெரியும். அதுவரை பாதி வேலை யார் கண்ணிலும் படாது.

அந்தச் சொல்லை அடிக்கும் முன்பு வேண்டும் என்றே கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கலாம். திரை இருண்டு போகும். மறுபடி சொருகி, எழுப்பி, கணக்கைக் கேட்டால் 500 ரூபாய் போட்ட இடத்தில் அப்படியே இருக்கும்.